ஐந்தாவது படம்

"இந்தப் படத்துக்குள்ள என் தங்கச்சி முகம் இருக்குங்க. எப்படியாவது தொறந்து குடுங்க."

லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு மோகனராஜ் இப்படிச் சொன்னபோது சனிக்கிழமை காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பாதிக் கடைகள் இன்னும் கதவைத் தூக்கவில்லை.

சதீஸ் வாயிலிருந்த பணிஸை அவசரமாக விழுங்கினான். முப்பத்து நான்கு வயது, முன்தலையில் வழுக்கை, இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன். முன்னறையில் அவன் கொம்பியூட்டர் திருத்துவான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரபீகாவின் தனியார் விசாரணை அலுவலகம். பன்னிரண்டு வருடம் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ரபீகா. மெஷின் பழுதானால் முன்னறை, மனுசன் பழுதானால் பின்னறை என்று சதீஸ் வாடிக்கையாளர்களுக்கு வழிகாட்டுவான். பின்னறைக்கு வழக்கு வந்தால் அவன்தான் உதவியாளன்.

"தங்கச்சி படம் வேற இல்லையாங்க?"

"எட்டு வருஷத்துக்கு முந்தி ஸ்கூல்ல எடுத்தது ஒண்ணுதான். பொலிஸ்ல இப்பத்திய முகம் கேக்குறாங்க."

"பொலிஸா?"

மோகனராஜ் நடந்ததைச் சொன்னான். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். தங்கை நிஷாந்தினி எட்டு மாதமாக அம்பிட்டியவில் ஒரு வீட்டில் தங்கி, ஹவ்வா உம்மா என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியையைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஆசிரியை பிள்ளைகள் இல்லாத விதவை. வீட்டை நடத்துவது அவர் புருஷனின் அண்ணன் மகன் ஷிராஸ். புதன்கிழமை மாலை அந்த ஷிராஸ் மோகனராஜுக்குப் போன் போட்டான். கிழவியின் கழுத்துச் சங்கிலியை எடுத்துக்கொண்டு உன் தங்கை ஓடிவிட்டாள், பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று என்றான். அன்றிலிருந்து அவள் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

"அவ போனுக்கு அடிச்சீங்களா?"

"போன் ஷிராஸ்கிட்டங்க. வேலை நேரத்துல பார்க்கக்கூடாதுன்னு மூணு மாசத்துக்கு முந்தியே வாங்கி வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக் கொம்பியூட்டர்ல இருந்து ஈமெயில் மட்டுந்தான் வரும். அதையும் அவரு பார்த்துட்டுத்தான் அனுப்ப விடுவாரு. அஞ்சு படம் வரும். நாலு படம் அந்த வீட்டுத் தோட்டத்துப் பூ. அஞ்சாவது தொறக்காது. பூவைத்தான் தொறந்து பார்த்தாச்சே, தொறக்காததுல அவ முகம் இருக்கும்னு..."

சதீஸ் பைலை இரண்டு முறை தட்டினான். 'இந்த வகையைத் திறக்க இயலாது' என்று திரையில் அறிவிப்பு வந்தது. படங்களைத் திறக்க வேறொரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். பிறகு மூன்றாவது ஒன்று. பூக்கள் எல்லாவற்றிலும் பளிச்சென்று விரிந்தன. ஐந்தாவது மட்டும் அசையவில்லை.

"பிழை கொம்பியூட்டர்ல இல்லைங்க. பூவுக்கெல்லாம் கதவு தொறக்குது. இவரு மட்டும் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"எத்தன மெயில் வந்த?"

தடுப்புக்குப் பின்னாலிருந்து ரபீகாவின் குரல் வந்தது. தொடர்ந்து அவளும் வந்தாள்.

"பதினொண்ணு மிஸ்."

"பதினொண்டுலயும் அஞ்சாவதுதான் தொறக்காதா?"

"ஆமாங்க."

"ஒருத்தன் படியில ஒருக்கா விழுந்தா வழுக்கிட்டெண்டு சொல்லலாம். பதினொரு தரமும் அதே படியில விழுந்தா யாரோ எண்ணெ ஊத்தியிரிக்கி." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மெயில்ல என்ன எழுதியிரிக்கா? காட்டுங்க."

மோகனராஜ் திரையை அவள் பக்கம் திருப்பினான். எல்லா மெயிலிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான். 'அண்ணா, இந்த வாரம் அஞ்சு அனுப்பியிருக்கேன். நாலைப் பாருங்க. அஞ்சாவதைக் கேட்டுப் பாருங்க.'

"கேட்டுப் பாருங்கண்டா? நீங்க என்ன நெனச்சீங்க?"

"நல்லா இருக்கா இல்லையான்னு யார்கிட்டயாவது கேட்டுப் பார்க்கச் சொல்றான்னு நெனச்சேன். எனக்கும் பூவைப் பத்தி என்னங்க தெரியும்? எல்லாம் சூப்பர்னு பதில் போட்டுருவேன்."

"யாருக்கிட்டயும் கேக்கச் சொல்லல்ல தம்பி. படத்தையே கேக்கச் சொல்லியிரிக்கா." ரபீகா சதீஸைப் பார்த்தாள். "அதுட சைஸ் எவ்வளவு?"

சதீஸின் புருவம் ஏறியது. "பூ ஒவ்வொண்ணும் மூணு எம்பிக்கு மேல. அஞ்சாவது இருநூறு கேபிகூட இல்ல. மிஸ், ஒரு நிமிஷம்."

பைலை நோட்பேடில் திறந்தான். திரை நிறையப் புரியாத குறிகள் கொட்டின. சதீஸ் அவற்றைப் பார்க்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்தான். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து தெளிவாக நின்றது: ஏ, எம், ஆர்.

"பைலுக்கு வெளியில நாம வைக்கிற பேரு சட்டை மாதிரி. யாரு வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கலாம். உள்ளுக்குள்ள முதல் வரி பொறந்த மச்சம். இது படமே இல்ல மிஸ். பட்டன் போன்ல குரல் பதிஞ்சா இப்படித்தான் வரும். யாரோ கடைசியில ஜேபெக்னு சட்டை மாட்டி விட்டிருக்காங்க."

பெயரின் வாலை அழித்துப் புதிய வாலைப் போட்டான். 'மாற்றினால் பைல் பயன்படாமல் போகலாம்' என்று எச்சரிக்கை வந்தது. "இப்ப மட்டும் என்ன வாழுதாம்" என்றபடி ஆம் என்பதைத் தட்டினான். எதில் திறப்பது என்று கேட்டது. எந்த ஒலியையும் பாட வைக்கும் ஒரு பிளேயரைக் காட்டினான்.

மோகனராஜ் காதைக் கொடுத்துக் குனிந்தான்.

வந்தது அவன் தங்கையின் குரல் அல்ல. வயதான ஒரு பெண்ணின் குரல். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசியது.

"இன்டைக்கி வெள்ளிக்கிழம. பின்னேரம் நாலு மணி. மழ பேஞ்சி விட்டிச்சி. பதினேழ பத்தொன்பதால பெருக்கினா முந்நூத்தி இருபத்திமூணு. ஐநூத்தி நால முப்பத்தியாறால பிரிச்சா பதினாலு..."

இப்படியே இரண்டு நிமிடம். பிறகு சட்டென்று நின்றது. அடுத்த வாரத்துப் பைலில் வேறு கணக்குகள். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

"பூ அனுப்புறேன்னு சொல்லிட்டு டியூஷன் அனுப்பியிருக்காங்க" என்றான் சதீஸ்.

ரபீகா சிரிக்கவில்லை. மோகனராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுல நம்பர் வெச்சித் தொறக்கிற இரும்பு அலுமாரி இரிக்கா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு வயசான பொம்புளக்கிட்ட நம்பர் நம்பராச் சொல்ல வெச்சி, ரகசியமா அண்ணனுக்கு அனுப்பியிரிக்கா தங்கச்சி. பொறகு சங்கிலி காணல்ல, தங்கச்சியையும் காணல்ல. பொலிஸ் இதக் கேட்டா என்ன நெனைக்கும்?"

மோகனராஜின் முகம் சிவந்தது. "தெரிஞ்சிருந்தா நான் ஏன் மிஸ் இத உங்ககிட்டத் தூக்கிட்டு வர்றேன்?"

"அதத்தான் நானும் யோசிக்கிற." எழுந்து கைப்பையை எடுத்தாள். "அம்பிட்டியக்கிப் போவம். நீங்களும் வாங்க. லெப்டொப்பையும் எடுங்க."

அவனைத் தனியாக விட அவளுக்கு மனமில்லை. சதீஸுக்கு அது புரிந்தது. த்ரீவீலரில் மோகனராஜை நடுவில் உட்கார வைத்துவிட்டு அவன் ஓரத்தில் தொற்றிக்கொண்டான்.

வண்டி வாவியைச் சுற்றி மேட்டில் ஏறும்போது சதீஸ் தன் போனிலிருந்து இணைப்பைக் கொடுத்து மோகனராஜின் மெயில் பெட்டியைக் குடைந்தான். வேண்டாத மெயில்கள் விழும் ஸ்பேம் பெட்டியில் லொத்தர் சீட்டு விளம்பரங்களுக்கு நடுவில் நிஷாந்தினியின் பெயர் இருந்தது.

"புதன்கிழமை பின்னேரம் ரெண்டு பத்து. தலைப்பும் இல்ல, எழுத்தும் இல்ல. ஒரே ஒரு பூ.ஜேபெக். அதான் குப்பைன்னு நெனச்சுத் தள்ளியிருக்கு."

"புதன்கிழமையா?" என்றான் மோகனராஜ். "அவ வெள்ளிக்கிழமைதானே அனுப்புவா?"

படமாகத் திறக்கவில்லை. சதீஸ் வாலை மாற்றிக் குரலாக ஓட விட்டான். அப்படியும் ஓடவில்லை. குலுங்கும் வண்டியில் மறுபடி நோட்பேட். முதல் வரியைப் பார்த்ததும் அவன் வாய் விசில் அடித்தது.

"இந்த மச்சம் வேற மிஸ். பிடிஎஃப். ஸ்கேன் பண்ணின காகிதம்."

மூன்றாவது முறையாகப் பெயர் மாறியது. பைல் திறந்தது. ரபீகா லெப்டொப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு டொக்டரின் ஆங்கில அறிக்கை. சொத்துப் பொறுப்பைத் தனக்குத் தரச் சொல்லி ஷிராஸ் போட்ட, திங்கட்கிழமை விசாரணைக்கு வரும் மனுவுக்காக என்று மேலே குறித்திருந்தது. அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஹவ்வா உம்மாவை வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் நேரில் பரிசோதித்தேன். இன்றைக்கு என்ன கிழமை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எளிய பெருக்கல்கூடச் செய்ய முடியவில்லை. தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை. கீழே கையொப்பம், முத்திரை, நேற்றைய வெள்ளிக்கிழமையின் திகதி.

"நேத்து நடந்த பரிசோதனை" என்றான் சதீஸ் மெதுவாக. "இது மெயில்ல வந்தது அதுக்கு ரெண்டு நாள் முந்தி."

ரபீகா திகதியை மறுபடி பார்த்தாள்.

"அலுமாரியும் இல்ல, ஒண்டும் இல்ல" என்றாள் ரபீகா. "கிழம தெரியாது, கணக்குத் தெரியாதெண்டு சொல்லப் போறாங்கண்டு அந்த டீச்சருக்கு முன்னமே விளங்கியிரிக்கி. வாரா வாரம் தனக்குத் தானே பரீட்ச வெச்சி, மார்க்ஸ உங்களுக்கு அனுப்பியிரிக்கா. ஷிராஸ் தற்செயலாக் கேட்டாலும் கெழவி கணக்குச் சொல்லுதெண்டு விட்டிருப்பான். மன்னிச்சிக்கோங்க தம்பி. உங்களையும் சந்தேகப்பட்டுட்டன்."

மோகனராஜ் தலையை மட்டும் ஆட்டினான். அவன் யோசனை வேறெங்கோ இருந்தது. "மிஸ், இத அனுப்புறப்ப அவ அகப்பட்டிருந்தா?"

அதே கேள்வி ரபீகாவின் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்பிட்டிய வீட்டின் தோட்டத்தில் ரோஜாச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. மூன்று நாளாக யாரும் தண்ணீர் காட்டவில்லை. கேற்றுக்கு வந்த ஷிராஸுக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, மிருதுவான குரல். நிஷாந்தினியின் சாமான்களை எடுக்க வந்ததாக ரபீகா சொன்னதும் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்து நீட்டினான்.

"எல்லாம் இதுக்குள்ள இரிக்கி. அவவால நாங்க பட்ட பாடு போதும்."

ரபீகா பையைத் திறந்து பார்த்தாள். மடித்த உடுப்புகள், சீப்பு, அடையாள அட்டை.

"சங்கிலிய எடுத்துட்டு ஓடினவ உடுப்பு, ஐடியெல்லாம் விட்டுட்டா போன?"

"கள்ளருக்கு அவசரம்தானே." புன்னகை அசையவில்லை.

"வந்ததுக்கு டீச்சருக்கு ஒரு ஸலாம் சொல்லிட்டுப் போறன்."

"சாச்சிக்கி ஆளத் தெரியா. நேத்து ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு டொக்டர் வந்து பார்த்தாரு. பத்து வரைக்கும் எண்ண ஏலா. இங்கயே இரிந்துதான் ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுப் போன."

"நேத்தா?"

"நேத்துத்தான்."

நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தானோ என்னவோ, உள்ளே விட்டான். கூடத்தில் ஒரு சாய்வுக் கதிரையில் ஹவ்வா உம்மா கிடந்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்கள் பாதி மூடி, உதட்டோரம் ஈரமாக இருந்தது. மோகனராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ரபீகாவின் ஸலாமுக்குப் பதில் வரவில்லை.

சதீஸ் தொண்டையைக் கனைத்தான். "சேர், உங்க வீட்டுக் கொம்பியூட்டர்ல படம் ஒழுங்காத் தொறக்குதுங்களா?"

"ஏன்?"

"இங்கருந்து போன மெயிலால இவரு லெப்டொப்புல ஒரு படமும் தொறக்க மாட்டேங்குது. இது ஒரு மாதிரி வைரஸ். மொதல்ல படத்தைத் தின்னும். அடுத்து பேங்க் பாஸ்வேர்ட். இதுவரைக்கும் படம் தொறந்தா நீங்க தப்பிச்சீங்க."

ஷிராஸின் புன்னகை முதல் தடவையாகக் குலைந்தது. "வாங்க, பாருங்க" என்று சதீஸைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அவர்கள் தலை மறைந்ததும் கதிரையில் சரிந்திருந்த தலை நிமிர்ந்தது. இரண்டு கண்களும் அகலத் திறந்தன. மோகனராஜ் ஓர் அடி பின்னால் போனான்.

"நீங்கதான் அண்ணன்" என்றார் ஹவ்வா உம்மா தாழ்ந்த குரலில். "மூக்கு அப்பிடியே அவட மூக்கு. அவ அக்குறணக்கிப் போய்ச் சேந்தாளா?"

"அக்குறணையா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. மூணு நாளாத் தேடுறேன்."

"என்ட தங்கச்சி அபீபா அங்க இரிக்கா. ஒன்பது வருஷமா நாங்க ரெண்டு பேரும் பேச்சில்ல. சும்மா ஒரு புள்ள போய்ச் சொன்னா நம்ப மாட்டா. அதுதான் எங்களப் பெத்த உம்மாட சங்கிலியக் கழட்டி நிஷாந்தினிக்கிட்டக் குடுத்த, இதக் காட்டெண்டு. புதன்கிழம அந்த ரிப்போர்ட்ட ஸ்கேன் பண்ணி அனுப்பின கையோட இவன் வந்துட்டான். மெயில் போனது அவனுக்குத் தெரியா. காகிதத்த எடுத்ததுக்கே அவள உடுத்த உடுப்போட கேற்றுக்கு வெளிய தள்ளினான்."

"அவன் மயக்க மாத்திர ஏதும் குடுக்கிறானா?" என்று கேட்டாள் ரபீகா.

"நாக்குக்குக் கீழ வெச்சிருந்து பூச்சாடிக்குள்ள துப்பிருவன்." அவர் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து போனது. "மூணு மாசமா எனக்கு ஒண்டும் தெரியாத மாதிரிக் கெடக்கிறன். அவன் வழக்கப் போடட்டும், பொய்ச் சாட்சியக் கொண்டு வரட்டும். திங்கக்கிழம நீதிபதிட முன்னால எழும்பி நிண்டு பேசுவன். அதோட முடிஞ்சி. மெயில்ல போனா திகதிய யாராலயும் மாத்த ஏலாதெண்டுதான் என்ட பழய, சிம் இல்லாத பட்டன் போன்ல குரலப் பதிஞ்சி உங்களுக்கு அனுப்ப வெச்ச. நீங்க எல்லாத்தையும் பத்திரமா வெச்சிரிக்கீங்கதானே? சரி, போங்க. இப்ப ஒண்டும் காட்டிக் குடுத்துராதீங்க."

தலை மறுபடி சரியத் தொடங்கியது.

"அம்மா" என்றான் மோகனராஜ். "அந்தச் சங்கிலியத் திருடிட்டான்னு அவ மேல பொலிஸ்ல கேஸ் குடுத்திருக்காருங்க. தேடிக்கிட்டு இருக்காங்க."

சரிந்த தலை பாதியில் நின்றது. அவருக்கு இது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"திங்கக்கிழமக்கி முன்ன அவள எங்கயாவது பிடிச்சாங்கண்டா ரெண்டு நாள் உள்ளுக்குத்தான்" என்றாள் ரபீகா. "கையில சங்கிலியும் இரிக்கி. யாரு நம்புவாங்க?"

பக்கத்து அறையில் சதீஸ் ஏதோ சொல்ல, ஷிராஸ் எரிச்சலோடு மறுப்பது கேட்டது. கதிரை நகர்ந்தது. காலடிகள் கூடத்தை நோக்கி வந்தன. இப்போது ஹவ்வா உம்மா கண்ணை மூடிக்கொண்டால் திங்கட்கிழமை அவருடையது. மூன்று மாதம் எச்சில் ஒழுக விட்டுக் கிடந்த பாடு அத்தனைக்கும் பலன் இன்னும் இரண்டே நாளில் இருந்தது.

அவர் கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரபீகா தாங்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வாசலில் ஷிராஸ் நின்றுவிட்டான்.

"ஷிராஸ், பொலிஸுக்கு என்னண்டு சொன்ன நீ?"

"சாச்சி, இருங்க, விழுந்திருவீங்க..."

"சங்கிலி களவு போகல்ல. நான் குடுத்த. என்ட கையால கழட்டிக் குடுத்த."

ஷிராஸ் ரபீகாவின் பக்கம் திரும்பினான். குரலை மறுபடி மிருதுவாக்கிக்கொண்டான். "இப்பிடித்தான், இடைக்கிட ஏதாவது பேசுவாங்க. ஒண்டும் நெனவில இல்ல. டொக்டர்ட ரிப்போர்ட் இரிக்கி."

"எங்ககிட்டயும் இருக்கு சேர்" என்றான் பின்னால் வந்த சதீஸ். "வெள்ளிக்கிழமை பரிசோதிச்ச ரிப்போர்ட் புதன்கிழமையே வந்துருச்சு. அவ்வளவு வேகமான டொக்டரு கண்டியில இருக்காருன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

"அந்த ஸ்கேன நான் அழிச்சிட்டனே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"அழிச்சது உங்க மெஷின்ல" என்றான் சதீஸ். "இவரு பெட்டியில அது பூவா இருந்துச்சு."

ஷிராஸ் லெப்டொப்பை நோக்கி ஓர் எட்டு வைத்தான். மோகனராஜ் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணைப் பார்த்த ஷிராஸ் அடுத்த எட்டை வைக்கவில்லை. ரபீகா அதற்குள் பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டாள். போனை ஹவ்வா உம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் தன் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், சங்கிலியைக் கொடுத்த நாள், நேரம் எல்லாவற்றையும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொன்னார். மறுமுனையில் சார்ஜன்ட் எழுதி முடிக்கும்வரை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காத்திருப்பதைப்போலக் காத்திருந்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டி நடந்தார். ஷிராஸ் தடுக்கவில்லை.

அக்குறணையில் அபீபாவின் வீடு கடைகளுக்குப் பின்னால், ஓர் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்த அபீபா அக்காவைக் கண்டதும் எதுவும் பேசாமல் அழத் தொடங்கினார். ஹவ்வா உம்மா, "ஒன்பது வருஷமா கோபத்த இழுத்தது போதும், உள்ளுக்கு வா" என்று தங்கையின் வீட்டுக்குள்ளேயே தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். சட்டத்தரணியை ஏற்பாடு செய்துவிட்டதாகவும், வியாழக்கிழமை அம்பிட்டியவுக்குப் போனபோது ஷிராஸ் கேற்றோடு திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அபீபா விம்மலுக்கு நடுவில் சொன்னார்.

பின்கட்டிலிருந்து நிஷாந்தினி ஓடி வந்தாள். சங்கிலி அவள் கழுத்தில் இல்லை, ஒரு கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் இருந்தது. முதலில் அதை ஹவ்வா உம்மாவிடம் கொடுத்தாள். பிறகுதான் அண்ணனைப் பார்த்தாள்.

"உங்க நம்பர் அந்த போனுக்குள்ளண்ணா. இங்கருந்து மெயில் தொறக்கலாம்னு பார்த்தா அந்த போனுக்குத்தான் கோட் போகுது. ஆனா நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும்தான் கேட்டிருக்கீங்களே."

மோகனராஜ் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஒவ்வொரு வாரமும் சூப்பர்னு எழுதுவீங்க. டீச்சர்கிட்டச் சொல்லுவேன், அண்ணன் கேட்டுட்டாரு, ஏதோ ஏற்பாடு பண்ணுறாருன்னு. அத நம்பித்தான் நாங்க ரெண்டு பேரும் தைரியமா இருந்தோம்."

"நிஷா." அவன் லெப்டொப்பைக் கீழே வைத்தான். "நான் ஒண்ணுகூடக் கேக்கலம்மா. பூவைப் பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பதினொரு வாரமுமா?"

"பதினொரு வாரமும்."

சதீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரபீகா அவன் காலை மிதித்தாள். கடைசியில் நிஷாந்தினி அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் உட்கார வைத்தாள்.

"மூஞ்சி எப்படிக் கெடக்கு பாருங்க. மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போனாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் வேண்டியதைவிடப் பலமாகக் கேட்டது.

திங்கட்கிழமை ஹவ்வா உம்மா வெள்ளைச் சேலை கட்டி, எட்டு மணிக்கே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். எல்லாப் பைல்களுக்கும் சதீஸ் சரியான பெயரும் திகதியும் போட்டு ஒரு பென் டிரைவில் அடைத்துக் கொண்டு வந்திருந்தான். அபீபாவின் சட்டத்தரணி எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடம் அதில் இரண்டைப் போட்டுக் காட்டினார். அறிக்கையையும் காட்டினார். வழக்கை அழைக்கும் முன்பே மனு வாபஸ் ஆனது. அறிக்கையில் கையொப்பம் வைத்த டொக்டர் மேல் முறைப்பாடு போயிற்று.

"மூணு மாசம் ஆயத்தம் பண்ணின" என்றார் ஹவ்வா உம்மா வராந்தாவில் நின்றபடி. "ஒரு கேள்விகூடக் கேக்கல்லயே."

"நான் வேணும்னா கேக்குறேன் டீச்சர்" என்றான் சதீஸ். "ஆனா விடை சரியா பிழையான்னு எனக்குத் தெரியாது."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஷிராஸ் படியில் இறங்கி வந்தான். இவர்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக ஒதுங்கிக் கடந்தான். அவன் வாசலைத் தாண்டி வீதியில் இறங்கிக் கூட்டத்தில் மறையும்வரை ஹவ்வா உம்மாவின் பார்வை அவனைவிட்டு விலகவில்லை.

"இவன் ரெண்டாம் வகுப்புப் படிக்கக்குள்ள எங்கட வீட்டுலதான் இரிந்தான்" என்றார் ரபீகாவிடம். "வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது நான்தான். மடியில வெச்சிச் சொல்லிக் குடுத்தன். பதிமூணாம் வாய்ப்பாட்டுல மட்டும் எப்பவும் பிழ விடுவான்."

ரபீகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாகப் படியில் இறங்கினார்கள்.